தெம்பாக இருந்தவளின் ரத்தம்

எங்கள் வீட்டுக்குள் முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில், அடுக்களை ஜன்னலில், இட்லிக் கொப்பரைக்கு அடுத்தாற்போல, ஒரு சாரல் காலம் முழுக்கப் பன்றி ரத்தம் குடியிருந்தது. அதை உட்கார்ந்து எண்ணியவள் நான்.

இவர், என் வீட்டுக்காரர், தென்காசியில் கால்நடை டாக்டர். ஊரார் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. ஆட்டைக் கொண்டுவந்தாலும் கோழியைக் கொண்டுவந்தாலும் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வருவதாகத்தான் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அறுபதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகாத சமயம், எங்கிருந்தோ கழித்துக்கட்டின ஒரு பழைய மைக்ராஸ்கோப் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டடமோ சாரல் தொடங்கிவிட்டால் பகலிலேயே விளக்கேற்ற வேண்டிய இடம். கிழக்கைப் பார்த்த நல்ல ஜன்னல் எங்கள் அடுக்களையில்தான் இருந்தது. ஆகவே மைக்ராஸ்கோப் அடுக்களைக்கு வந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

"இதுல என்னத்தலே பாப்ப?" என்று மாமியார் கேட்டார்.

"ரத்தம்மா."

மாட்டு ரத்தம் என்று நினைத்து அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாடென்றால் ஏதோ ஒரு கணக்கில் சேர்த்தி. பன்றி என்பது பிறகுதான் தெரிந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், வாய்க்கால் ஓரமாக ஒரு சின்னத் தெரு உண்டு. அங்கே ஒரு வேதக்காரப் பெண், கிறிஸ்தவள், பன்றி வளர்த்தாள். அவள் புருஷனுக்கு மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எப்போதாவது இறங்கி வருவான். மற்ற நாளெல்லாம் அவளும் பன்றிகளும்தான். மூத்தவ, இளையவ, நொண்டிச்சி என்று உறவுக்காரர்களைச் சொல்வதுபோல்தான் அவற்றைச் சொல்வாள். அந்த வருஷம் சாரல் தொடங்கிய கையோடு அவளுடைய பன்றிகள் தீனி எடுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் படுத்துக்கொண்டன. கண்கள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. எழுந்து நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. அவள் ஓடிவந்து இவரிடம் சொன்னாள். இவர் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுண்டித் திரும்பினார்.

விஷயம் இதுதான். பன்றிக் காய்ச்சலில் இரண்டு வகை. ஒன்று மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பான் மாதிரியானது, பென்சிலினுக்குக் கட்டுப்படும். மற்றது வைரஸ் காய்ச்சல். அதற்கு மருந்தே கிடையாது. ஒரு பன்றிக்கு அது வந்துவிட்டால், அந்தப் பன்றிக் குடிசையிலுள்ள எல்லாவற்றையும், நன்றாக இருப்பவை உட்படக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். வெள்ளைப் பன்றியென்றால் தோலில் சிவப்புத் திட்டு தெரியும், பார்த்தே சொல்லிவிடலாம். இவள் பன்றிகள் எல்லாம் கன்னங்கறுப்பு. ரத்தத்தை எடுத்து வெள்ளையணுக்களை எண்ணினால்தான் உண்டு.

இதற்கிடையில் குற்றாலத்தில் சீசன் ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், எண்ணுவதெல்லாம் எதற்கு, கூட்டம் வருவதற்குள் மொத்தமாகக் கொன்றுவிடுங்கள் என்று இவரை நெருக்கினார். அவர் வந்த அன்று அந்தப் பெண்ணும் எங்கள் வாசலில்தான் நின்றாள். "டாக்டரய்யா, எண்ணிப் பாத்துட்டே சொல்லுங்க. எண்ணாமக் கொல்லாதீக" என்றாள். எண்ணாமல் கொல்லமாட்டேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். எண்ணப்போவது யார் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

ரத்தம் வந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று, அதன் தலையில் ரப்பர் டியூப். டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் ரத்தத்தைக் குழாயில் கோடு வரைக்கும் ஏற்ற வேண்டும். அதற்குமேல், காடி மாதிரி வாசமடிக்கிற ஒரு மருந்தை உறிஞ்சிக் கலக்க வேண்டும். இவர் ஜன்னலோரம் நின்று நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தபோது மாமியார் மோர் எடுக்க உள்ளே வந்தார்.

"ஏலே, அது என்னது?"

"பன்னி ரத்தம்மா."

"அத வாய்ல வச்சு உறிஞ்சுதியா?"

"காத்தத்தாம்மா உறிஞ்சுதேன். ரத்தம் குழாயிலயே நின்னுரும்."

"காலைல தேவாரம் சொன்ன வாய்லே அது."

அன்று மாமியார் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இருவரும் பட்டினி கிடந்தால் இவர் பன்றியையும் விட்டுவிட்டு எங்களைக் கவனிக்க வந்துவிடுவார் என்கிற பயம்.

எண்ணுவதற்கு இவர் லாயக்கில்லை. தடித்த கண்ணாடி போட்டவர். சாரல் ஈரத்தில் அதில் புகை படியும், துடைத்துவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். மூன்றாம் தடவை மறந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நகருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் எண்ணத் தொடங்கினால் நடுவில் விடமாட்டேன். மருந்து சிவப்பணுக்களையெல்லாம் கரைத்துவிடும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் வெள்ளையணுக்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்தாற்போல் கிடக்கும். ஓர் அணுவுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்து மறு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வருவேன். நல்ல பன்றிக்கு எத்தனை இருக்க வேண்டும் என்று இவரிடம் கேட்டு, அத்தனை கொட்டையைப் போட்டுப் பார்த்து, கிண்ணத்தின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டினால் பென்சிலின். அடியிலேயே நின்றுவிட்டால் வைரஸ்.

"மத்த நோய்னா வெள்ளையணு சண்டைக்குத் திரண்டு வரும். இந்த வைரஸ் அந்த வெள்ளையணுக்குள்ளயே பூந்து அதையே முதல்ல அழிச்சிரும். அதான் குறையுது" என்று இவர் எனக்கு விளக்கினார். போலீஸ் ஸ்டேஷனிலேயே முதலில் திருட்டு நடக்கிற மாதிரி என்றேன். அப்படிச் சொல்லக்கூடாது என்றார். ஏன் கூடாது என்று இன்றுவரை சொல்லவில்லை.

முதல் எண்ணிக்கையிலேயே கிண்ணம் கோட்டைத் தாண்டியது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. வைரஸ் இல்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, பென்சிலினோடு கிளம்பினார். நாலாவது நாள் மூத்தவள் செத்துப்போனாள்.

இவர் மறுபடி ரத்தம் எடுத்துவந்தார். கொட்டைகள் முன்னைவிடக் கூடின. அடுத்து நொண்டிச்சி செத்தது. மூன்றாம் தடவை எடுத்த ரத்தத்தில் கிண்ணம் நிரம்பிக் கொட்டைகள் தரையில் உருண்டன. அங்கே பன்றிகள் சாகச் சாக, இங்கே அடுக்களையில் அவற்றின் ரத்தம் தேறிக்கொண்டே வந்தது.

"ஒரே பன்னிகிட்டதான் எடுக்குதீங்களா?" என்று கேட்டேன்.

"அதே பன்னிதான். காதுல நான் முன்னால குத்தின தழும்ப ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் எடுக்கேன்" என்றார். விஞ்ஞான முறைப்படி சரிபார்த்த பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு இவர் நடந்துகொண்டதை என்னவென்று சொல்ல. படித்த மனிதருக்குப் புத்தி பிசகினால் படித்த மாதிரியே பிசகும் போலிருக்கிறது. நோயின் லட்சணமெல்லாம் வைரஸ், எண்ணிக்கை மட்டும் எதிராக இருக்கிறது, ஆகவே இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று என்று முடிவுகட்டினார். காரணமும் கண்டுபிடித்தார். குற்றாலத்துத் தண்ணீர். மலையில் மூலிகைகளுக்கு நடுவே ஓடிவந்து, அருவியாக விழுந்து, வாய்க்காலாகி, அந்தப் பன்றிகளின் தொட்டிக்கு வருகிறது. அதைக் குடித்துத்தான் அவற்றின் வெள்ளையணுக்கள் வைரஸைக் கண்டு ஒடுங்காமல் பெருகுகின்றன. அப்படியென்றால் பன்றிகள் ஏன் சாகின்றன என்று கேட்டேன். அது வேறு விஷயம் என்றார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து இதை இங்கிலீஷில் கட்டுரையாக எழுதத் தொடங்கினார்.

இதைப் போய் அந்த அதிகாரியிடமும் சொல்லியிருக்கிறார். மொத்தமாகக் கொல்லச் சொன்ன அதே மனிதர் இப்போது வீடு தேடி வந்து காப்பி குடித்தார். அருவிக் கரையில் ஒரு போர்டு வைக்கலாம் என்றார். இந்தத் தண்ணீரில் குளித்தால் வெள்ளையணு விருத்தியாகும் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். பன்றி என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது.

மாமியாருக்கும் போர்டு விஷயம் காதில் விழுந்தது. விருத்தியாவது நல்லதுதானே என்று, குளிக்கப் போகலாம் என்றார். குதிரை வண்டி பிடித்து இருவரும் போனோம். பெண்கள் பக்கம் நல்ல தண்ணீர். தலையில் அருவி விழும்போது எனக்குள் ஏதாவது விருத்தியாகிறதா என்று கவனித்துப் பார்த்தேன். பசி மட்டும் விருத்தியானது. திரும்பும் வழியில், அந்தத் தெருவைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தச் சொன்னேன். அத்தனை நாள் ரத்தத்தை எண்ணியவள், ரத்தம் கொடுத்தவளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா. மாமியார் வண்டியிலேயே முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பன்றிக் குடிசை வீட்டுக்குப் பின்னால் தள்ளி இருந்தது. பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். உள்ளே இருட்டில் இரண்டு பன்றிகள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தன. "இதுல யாருகிட்ட ரத்தம் எடுத்தாக?" என்று கேட்டேன்.

"அவ இங்கன இல்லம்மா. வீட்டுக்குள்ள இருக்கா" என்று அந்தப் பெண் என்னை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குள், மாதா படத்துக்குக் கீழே, மடித்துப் போட்ட சாக்கின்மேல் ஒரு கறுப்புப் பன்றி மகாராணி மாதிரி படுத்திருந்தது. பளபளவென்று இருந்தது. காதில் மஞ்சள் பற்று. பக்கத்தில் ஒரு கும்பாவில் கேப்பைக் கஞ்சி, அதில் முட்டை உடைத்து ஊற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் சேலையை முகர்ந்தது.

"இதுக்கு நோயே இல்லியே" என்றேன்.

"இவளுக்கு ஏன் வருது? இவ இளையவ. இவதான் தெம்பா இருந்தா."

"காய்ச்சல் கண்டதுகிட்டல்லா ரத்தம் எடுக்கச் சொன்னாக?"

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மனசாட்சி இல்லாத ஒருத்தி பேசுவதைக் கேட்கிற பார்வை அது.

"சீக்காக் கெடக்கதுகிட்டப் போயி யாராவது ரத்தத்த எடுப்பாகளாம்மா? அது எந்திரிக்கவே மாட்டாமக் கெடக்கு. அதுட்ட இருக்கதையும் உறிஞ்சிட்டா என்னத்துக்கு ஆவும்? அதான் இவளப் பிடிச்சு, காத பலக சந்து வழியா நீட்டினேன். இதுதானே காய்ச்சக்காரின்னு அய்யா கேட்டாக. எல்லாம் ஒரே ரத்தந்தான் அய்யான்னேன். தாயும் பிள்ளையும்தானே. ரத்தம் குடுத்து அசந்து போயிருப்பாளேன்னு முத நாளே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன். மத்ததுக மேல ஏறிப் படுத்து இவளத் தூங்க விடாதுல்லா? அய்யா வாரப்ப மட்டும் பலகைக்கு உள்பக்கம் ஓட்டிட்டுப் போயி நிறுத்துவேன். எடுத்ததும் கூட்டியாந்துருவேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். பிறகு சிரிப்பு வந்தது, அது அடங்கியபோது அழுகை மாதிரி இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரன் ரத்தம் கேட்கிறான் என்றால், வீட்டில் யாரால் கொடுக்க முடியுமோ அவரை முன்னால் நிறுத்துவதுதானே முறை என்று நினைத்திருக்கிறாள். வண்டியில் ஏறியதும் மாமியார் கேட்டார், சொன்னேன். "அவ செஞ்சதுல என்னட்டி தப்பு?" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். தாள்களை அடுப்பில் வைத்தார். சாரல் ஈரத்தில் அவை எரியவும் மாட்டாமல் புகைந்துகொண்டிருந்தன. அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு, பழைய வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். அன்றுதான் அவர் அந்தக் குடிசைக்குள் முதல் தடவையாகக் குனிந்து நுழைந்தார். அதுவரை ரத்தம் எடுத்ததும் ஊசி போட்டதும் எல்லாம் பலகைச் சந்துக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

கொண்டுவந்த ரத்தத்தை நான் எண்ணினேன். ஒரு கட்டம் காலி. அடுத்த கட்டமும் காலி. எங்கேயோ ஒரு மூலையில் ஒன்று கிடந்தது. எண்ணி முடித்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடிகூட மறையவில்லை. சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன். அதேதான். இவர் என் முகத்தைப் பார்த்தார், எண்ணிக்கையைக் கேட்கவில்லை.

மறுநாள் அந்த இரண்டையும் கொன்றார்கள். நான் போகவில்லை. இவர் திரும்பிவந்து கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். சாப்பாட்டில் கை வைத்தபடியே, "அவளே காதப் பிடிச்சுக் குடுத்தா. இந்தத் தடவ ஆள் மாத்தல" என்றார்.

மிச்சம் இருந்தது இளையவள். சட்டப்படி அந்தக் குடிசைப் பன்றிகள் எல்லாமே சாக வேண்டும். அதையும் கொன்றாயிற்றா என்று அதிகாரி ஆள் விட்டுக் கேட்டார், போர்டைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை. இளையவள் குடிசையில் இல்லை, வீட்டில் இருக்கிறாள், காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இவர் பதில் அனுப்பினார். சட்டத்தை அப்படி நெளித்துப் பேசுகிறவர் இல்லை இவர். அடுத்து வந்த நாட்களில் அவளுடைய ரத்தம் அடிக்கடி எங்கள் ஜன்னலுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை எண்ணுவேன். மாமியார் நிலைப்படியைத் தாண்டமாட்டார். அங்கேயே நின்றுகொண்டு கேட்பார்.

"கோட்டத் தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டா அத்தை."

"சரி. கையக் கழுவிட்டு அடுப்பப் பாரு."

நோய் வருவதாக இருந்தால் வந்திருக்க வேண்டிய காலமெல்லாம் கடந்தது. வரவில்லை. இளையவள் பிழைத்தாள் என்று இவர் சொல்லியனுப்பிய அன்று சாயங்காலமே அந்தப் பெண் வந்தாள். சந்தோஷமாக வருவாள் என்று நினைத்தேன். அவள் படிக்குக் கீழேயே நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். மொதல்லயே காய்ச்சக்காரிகிட்ட ரத்தம் எடுக்க விட்டிருந்தா, மத்ததுக பொழச்சிருக்குமா? நாந்தான் கொன்னுட்டேனா?"

இவர் மெல்லப் பேசுகிறவர் இல்லை. அன்று மெல்லத்தான் பேசினார். "இல்லம்மா. அதுக்கு மருந்தே கிடையாது. மொதல்லயே தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எல்லாத்தயும் கொல்லச் சொல்லியிருப்பேன்."

"எளையவளையுமா?"

"எளையவளையும்தான். நீ அவள மாத்தி நிறுத்தி, தனியா வீட்டுக்குள்ள வச்சதாலதான் அவ பொழச்சா."

அந்தப் பெண் இதை யோசித்தாள். எனக்கும் அப்போதுதான் முழுசாக உறைத்தது. இவர் சொன்னபடி அவள் கேட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"அப்ப நான் செஞ்சது தப்பா, சரியா?"

"தப்புத்தான்" என்றார் இவர்.

"அடுத்த வருஷம் திரும்ப வந்தா என்ன செய்யட்டும்?"

"எனக்குச் சொல்லி அனுப்பு."

"சொல்லி அனுப்பினா நீங்க வந்து எல்லாத்தயும் கொல்லச் சொல்லுவீகளே அய்யா."

இவர் கண்ணாடியைக் கழற்றினார். கூடத்தில் மாமியார் நின்றார், நான் நின்றேன். யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை.

"சொல்லி அனுப்பு. ஆனா நான் வந்து சேர முன்னால, நல்லா இருக்கதையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு போயிரு" என்றார்.